கட்டைமீனுக்குக் கண் வைக்கிறவள்

பாக்கர் செய்யும் கட்டைமீன்களுக்குக் கண் வைக்கிற வேலை அவர் மனைவி உம்மு ஹபீபாவுடையது. அந்த ஹபீபாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அவளுக்கு வரவில்லை, பயமாக இருந்தது. கண் போய்விடுமோ என்ற பயம்கூட அப்புறம்தான். புருஷனுக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம்.

கட்டைமீன் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். பூவரசங்கட்டையை ஒரு சாணுக்கும் குறைவாக அறுத்து, சாளைமீன் மாதிரி சீவி, மூக்கிலிருந்து வால்வரை துருப்பிடிக்காத கம்பி ஒன்றை ஓட்டி, வயிற்றில் கொஞ்சம் ஈயம் ஊற்றி அடைப்பார் பாக்கர். வாய்க்குக் கீழே சின்னதாக ஒரு தகட்டு நாக்கு. நீளமான தூண்டில் நரம்பில் கட்டி, ஓடுகிற படகுக்குப் பின்னால் விட்டால், அந்தத் தகடு தண்ணீரை வாங்கிக் கட்டையை இடமும் வலமுமாக நெளிய வைக்கும். அடிபட்ட சாளை ஒன்று தப்பி ஓடுகிறது என்று நினைத்துச் சீலாமீன் துரத்தி வந்து கவ்வும். கவ்வினால் வயிற்றடியில் தொங்குகிற மூணுமுள் தூண்டில் தாடையில் ஏறும். அதோடு அதன் கதை முடிந்தது.

கடையில் பிளாஸ்டிக்கில் விதவிதமாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். பாக்கர் துபாயில் படகுப் பட்டறையில் தச்சராக இருந்தபோது, பழுதுபார்க்க வந்த பழைய உல்லாசப் படகின் இழுப்பறையில் மரத்தாலான தூண்டில் மீன் ஒன்று கிடைத்தது. சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு. பெயின்ட் வெடித்து, முள்ளெல்லாம் துருவேறி, ஐம்பது அறுபது வயசாவது இருக்கும் அதற்கு. படகுக்காரர் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றுவிட்டார். ஒரேயடியாக ஊர் திரும்பும்போது மற்றவர்கள் டிவியும் கம்பளியும் கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த மனுஷர் அந்த மீனைப் பனியனுக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அதைப் பார்த்தும், போனில் பழைய மாதிரிகளின் படங்களைத் தேடியும் செய்ய ஆரம்பித்தார். பாம்பன், மண்டபம் பைபர் படகுக்காரர்கள் மரத்தின் நெளிவு பிளாஸ்டிக்குக்கு வராது என்று சொல்லிக்கொண்டு வந்து வாங்கிப்போனார்கள்.

லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்ததும் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் ஒரு பாய் விரியும். ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் அவள், நடுவில் மரச்சீவல். அவர் சீவித் தேய்த்துக் கொடுத்ததற்கு அவள் பெயின்ட் அடிப்பாள். கொசுவலைத் துண்டை மீன்மேல் இறுக்கிச் சுற்றி, பஞ்சால் வெள்ளிநிறத்தை ஒற்றி எடுத்தால் செதில் செதிலாக விழும். கடைசியில் கண். பெரிய ஆணியின் தலையை மஞ்சளில் தொட்டு ஓர் ஒற்று, காய்ந்ததும் சின்ன ஆணியின் தலையைக் கறுப்பில் தொட்டு அதன் நடுவில் ஓர் ஒற்று. அதுவரை கட்டையாகக் கிடந்தது அப்போதுதான் திரும்பிப் பார்க்கும். அந்த நிமிஷம் ஹபீபாவுக்கு ரொம்பப் பிடிக்கும். "பாத்துட்டான்" என்று அவரிடம் காட்டுவாள். அவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

நோம்புக்குக் கொஞ்சம் முன்னால் வலது கண்ணில் புகை படிந்தது. ஊதுபத்திப் புகை என்று நினைத்துக் கையால் விலக்கினாள். விலகவில்லை. பெருநாள் போன பிறகு இடது கண்ணும் அதே வழிக்கு வந்தது. வெள்ளை மீனில் மஞ்சள் பொட்டு எங்கே விழுந்தது என்று தெரியாமல், குத்துமதிப்பாகக் கறுப்பை ஒற்ற ஆரம்பித்தாள்.

சரி, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ராமநாதபுரத்தில் கண் ஆஸ்பத்திரி இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் ஹபீபா சபுராளி வீட்டுப் பெண். கல்யாணமான வருஷமே விமானம் ஏறினவர் பாக்கர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போய், தலை நரைத்த பிறகுதான் முழுசாகத் திரும்பினார். கடல் தாண்டிப் பிழைக்கப் போன சபுராளிகளின் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் சொல்லித் தராமல் தானாக வந்துவிடும். கெட்டதைப் போனில் சொல்லக் கூடாது. அங்கே ஒண்டியாகக் கிடக்கிற மனுஷர் கேட்டு என்ன செய்வார், தூங்காமல் புரளுவார், அவ்வளவுதானே. புயலில் ஓடெல்லாம் பறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்த அன்றைக்கு ஹபீபா போனில் சொன்னது, "இங்கன நல்ல மழை, குளுகுளுன்னு இருக்கு." மகள் அம்ரீன் டைபாய்டில் கிடந்தபோது, "பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறா, அதான் பேச வரல." அவரும் சளைத்தவரில்லை. வாளில் விரல் நுனி போனதை அடுத்த லீவில் அவர் வந்து இறங்கினபோதுதான் அவள் பார்த்தாள். "வேலை கம்மி, கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு" என்று போனில் சொன்னவர்தான் அவர்.

இப்படிப் பொய் சொல்லிச் சொல்லியே ஒருவரை ஒருவர் காப்பாற்றி வந்தார்கள். அது அன்பு இல்லை என்று யார் சொல்வார்? ஆனால் ஆள் வந்து கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்த பிறகும் அந்த வாய் மாறவில்லை பாருங்கள், அங்கேதான் கோளாறு.

இன்னொன்றும் இருந்தது. திரும்பி வந்த புதிதில் பாக்கர் சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினார். அடுப்படி வாசலில் நின்று, "குடிக்கத் தண்ணி கிடைக்குமா" என்று கேட்டார். அவளும் தட்டில் டம்ளரை வைத்து நீட்டினாள். வெட்கக்கேடு. பேச்சு இரண்டு வார்த்தையில் தீர்ந்துவிடும். போனிலாவது கார்டு தீரும்வரை பேசினார்கள். அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அவர் முதல் கட்டைமீனைச் சீவி வைத்துக்கொண்டு சிவப்புக்கு என்ன செய்வது என்று முழித்தார். அம்ரீன் விட்டுப்போன நகப்பாலிஷை ஹபீபா எடுத்து வந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பாயில் பகல்நேரத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள்.

பாக்கர் நல்லவர்தான். ஆனால் கஷ்டம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், "நான் பாத்துக்கிறேன்" என்று அந்த வேலையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார். முட்டி வலிக்கிறது என்றாள், மாவு கடையிலிருந்து வர ஆரம்பித்தது. மீன் வாங்கப் போக வெயிலாக இருக்கிறது என்றாள், கூடையை அவர் எடுத்துக்கொண்டார். ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்று வாய்தவறிச் சொன்னதற்குத் தையல் மெஷினையே ஆட்டோவில் ஏற்றி அம்ரீன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் எடுத்துப்போன ஒவ்வொரு வேலையோடும் வீட்டில் அவள் உட்கார ஓர் இடம் குறைந்தது. கண்ணைப் பற்றிச் சொன்னால் ஆணியையும் வாங்கிக்கொள்வார். அப்புறம் அந்தப் பாயில் அவளுக்கு என்ன வேலை? அதனால் மென்று முழுங்கினாள்.

ஒருநாள் சேதுபதி வந்தான். பைபர் படகு வைத்திருப்பவன், வாய் ஓயாது. முந்தின வாரம் வாங்கிப்போன மீனைக் கையில் பிடித்துக்கொண்டே சாய்ப்புக்குள் நுழைந்தான்.

"மாமா, இது என்ன மாமா? ஒரு கண்ணு நெத்தியில இருக்கு, ஒரு கண்ணு கழுத்துக்குப் போயிருச்சு. மாறுகண்ணு மீனை எங்கன பிடிச்சீக?"

ஹபீபா கொசுவலையை எடுத்து எதற்கோ மடிக்க ஆரம்பித்தாள். பாக்கர் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீலா கடிச்சுச்சா, இல்லையா?" என்றார்.

"கடிச்சுச்சு. ரெண்டு கடிச்சுச்சு. அதுல ஒண்ணு நல்ல பெருசு."

"அப்புறம் என்னடா உனக்கு? பழைய மீனுல இப்பிடித்தான் வச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருந்தா மீனு சந்தேகப்படும்."

"அது சரி, சீலாவுக்குப் பசி, அது கண்ணையா பாக்கப் போகுது" என்று சேதுபதி டீயைக் குடித்துவிட்டுப் போனான். பாக்கர் மறுபடியும் கட்டையைச் சீவ ஆரம்பித்தார். அவள் பக்கம் பார்க்கவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தது அவளுக்கு. மூக்கிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு தள்ளி ஒற்றினால் சரியாக வரும் என்று அன்றைக்கே ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கும் பாதி நேரம் வழுக்கியது.

அடுத்த வாரம் அவர் கொடுத்த மீன்களில் கன்னத்தில் ஒரு சின்னக் குழி இருந்தது. இரண்டு பக்கமும், ஆணித் தலை உட்காரும் அளவுக்கு.

"இது என்ன புதுசா?" என்றாள்.

"பழைய மாதிரியில எல்லாம் குழி உண்டு. நான்தான் இத்தன நாளா விட்டுட்டேன்" என்றார் பாக்கர்.

அடேயப்பா, ஹபீபாவுக்குத் தலைகால் புரியவில்லை. இடது கை விரல் குழியைத் தேடும், வலது கை ஆணியை அங்கே இறக்கும். எல்லாக் கண்களும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பழைய மாதிரிப்படி எக்கச்சக்கமாகச் செய்து முடித்தாள். பெயின்ட் புட்டிகளிலும் ஒரு வசதி வந்திருந்தது. சிவப்புப் புட்டியின் கழுத்தில் மட்டும் நூல் சுற்றியிருந்தது. ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். இனிமேல் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை, இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஒரு சாயங்காலம் பாக்கர் அஸர் தொழப் போயிருந்தார். பாயைச் சுருட்ட எழுந்தவளின் கையில் துபாயிலிருந்து வந்த அந்தப் பழைய மீன் பட்டது. எத்தனை முறை துடைத்து வைத்தது. நம்மைக் காப்பாற்றிய குழி அல்லவா, தடவிப் பார்ப்போமே என்று கன்னத்தில் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. மறுபக்கம் திருப்பினாள். அங்கேயும் வழவழவென்றுதான் இருந்தது.

பிறகு சிவப்புப் புட்டியை எடுத்தாள். நூல் காய்ந்த நூல், ஒழுகின ஈரமே இல்லை. பாயைச் சுருட்டாமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாக்கர் திரும்பி வந்தபோது அவள் மடியில் பழைய மீன் இருந்தது.

"இதுல குழியே இல்லையே" என்றாள்.

அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"நோம்புல ஒருநாள் டீயில சீனிக்குப் பதிலா உப்பப் போட்டுக் கொண்டாந்து குடுத்தியே, அன்னைக்கு. உன் டீயிலதான் சீனி கிடையாது, நீ எப்பிடிக் கண்டுபிடிப்ப."

"அந்த டீயைக் குடிச்சீகளா?"

"குடிச்சேன்."

"ஒரு வார்த்தை ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நடுவில் ஒரு கடல் கிடப்பது மாதிரி நடித்திருக்கிறார்கள். ஹபீபாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் விரலால் தடவித் தடவி ஒற்றியதை இவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தக் கோபத்தின் பின்னாலேயே அழுகையும் வந்தது. அந்தக் குழியைத் தோண்ட இவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியதுதான் காரணம். பாக்கர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்தார்.

"நாளைக்கே போவோம். புரைதான், வெட்டி எடுத்துருவாக."

"போனா மாசக்கணக்கா குனியக் கூடாதும்பாக. மீனுக்கு யாரு கண்ணு வைப்பா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

போச்சு. எதற்குப் பயந்தாளோ அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தே விட்டது. ஹபீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்று தலையை ஆட்டினாள்.

ராமநாதபுரத்தில் முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். முகத்தில் தண்ணீர் படக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது முகத்தை ஈரக்கையால் தொடாமல் விட்டு, நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். கவனித்துக்கொள்ள அம்ரீன் அவளைக் கீழக்கரைக்குத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பாக்கர் பஸ் ஏறி ஊருக்குத் திரும்பினார்.

மறுபடியும் போன். "எல்லாம் நல்லாருக்கு" என்பார் அவர். சாப்பாடு? அதுவும் நல்லாருக்கு. வீடு? நல்லாருக்கு. ஹபீபா தயங்கித் தயங்கி ஒருநாள் கேட்டாள்.

"மீன் வேலை?"

"நடக்குது, நடக்குது. இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ்தியாவே செஞ்சிருக்கேன்."

பின்னால் சேதுபதியின் குரல் கேட்டது, "மாமா, நாளைக்காவது எனக்குத் தருவீகளா" என்று. "இருடா, போன்ல இருக்கேன்ல" என்று அவர் அதட்டினார். ஹபீபா போனை வைத்துவிட்டாள்.

கண் அருமையாகத் தெரிந்தது. சுவரில் ஊர்கிற எறும்பு தெரிந்தது, அரிசியில் இருக்கிற கல் தெரிந்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அம்ரீன் என்ன ஏது என்று துளைத்தெடுத்தாள். கடைசியில் ஹபீபா வாயைத் திறந்து சொன்னாள். "உங்க அத்தாவே கண்ணு வச்சுப் பழகிட்டாரு போல. இனிமே நான் அங்கன போயி என்ன செய்ய?"

"கட்டைக்குக் கண்ணு வைக்கிறதுக்கா உம்மா இந்தப் பாடு?" என்று மகள் சிரித்தாள். அவளுக்கு எப்படி விளக்குவது என்று ஹபீபாவுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் மகளிடம் சொல்கிற சங்கதியா அது?

டாக்டர் சரி என்று சொன்னதும் அம்ரீன் அவளைக் கறுப்புக் கண்ணாடி போட்டு ஊருக்குக் கொண்டுவந்து விட்டாள். வீட்டில் பாக்கர் இல்லை. லுஹர் தொழப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, ஹபீபா நேராகப் பின்பக்கச் சாய்ப்புக்குப் போனாள்.

சாய்ப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கொடிகளாகக் கட்டியிருந்தது. துணி காயப்போட்ட மாதிரி கட்டைமீன்கள் வரிசை வரிசையாகத் தொங்கின. சிவப்புத் தலையும் வெள்ளை உடம்புமாக, பச்சை முதுகாக, கறுப்பு முதுகாக. செதில்கள் கோணல்மாணலாக விழுந்திருந்தன, அவர் கைக்குக் கொசுவலை பிடிபடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு மீனைத் தொட்டுத் திருப்பினாள். கன்னத்தில் குழி இருந்தது. குழிக்குள் மஞ்சளும் இல்லை, கறுப்பும் இல்லை. அடுத்த மீனைத் திருப்பினாள், அதற்கடுத்ததையும். ஒன்றுக்கும் கண் இல்லை.

பின்வாசல் வழியாகச் சேதுபதி தலையை நீட்டினான். "அத்தை வந்துட்டீகளா? அப்பாடி. நீங்களாச்சும் கேளுங்க அத்தை. சீலா இங்கன கரை ஓரமா மேயுது. ரெண்டு மீனு குடுங்க மாமான்னு கெஞ்சிட்டேன். கண்ணில்லாட்டிப் பரவால்லன்னேன். நானே மார்க்கர் பேனாவுல வச்சுக்கிறேன்னேன். கையை வச்சா வெட்டிப்புடுவேங்குறாரு."

அவனுக்குப் பின்னாலேயே பாக்கர் வந்தார். அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. ஆள் இளைத்திருந்தார். நல்லாருக்கு என்று போனில் சொன்ன சாப்பாட்டின் லட்சணம் முகத்தில் எழுதியிருந்தது.

"மீன் வேலை நடக்குதுன்னீகளே போன்ல" என்றாள் ஹபீபா.

"நடந்துச்சே" என்றார் பாக்கர். "என் வேலை முடிஞ்சிருச்சு. உன் வேலைதான் கிடக்கு."

அவள் அழுதாள். சேதுபதி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வாரேன் என்று நழுவினான். "அழக் கூடாது, டாக்டரு சொல்லியிருக்காரு" என்று பாக்கர் பதறி, தோள்துண்டை எடுத்து நீட்டினார். பிறகு அது அழுக்குத் துண்டு என்று ஞாபகம் வந்து பிடுங்கிக்கொண்டார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்து போட்டு அவளை உட்கார வைத்தார். கொடியிலிருந்து ஒரு மீனைக் கழற்றி, அவள் குனிய வேண்டாதபடிக்கு, அவள் முகத்துக்கு நேராக இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஹபீபா பிஸ்மில்லா சொல்லி ஆணியை மஞ்சளில் தொட்டாள்.

"ஆட்டாமப் பிடிங்க" என்றாள்.